மாடிப்படியில் பாஸ்கல்

"இஞ்சி பத்தலை" என்று சொல்லிவிட்டு, பாஸ்கல் டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் படுத்தார். விடிந்ததும் தோட்டத்து லய வீடுகளின் மேலிருந்த பனி எழுந்து போனது. அவர் எழவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் மனைவி மதலேனம்மாள் தேயிலை ஃபேக்டரிக்குத் திரும்பினாள். அங்கே அவர் பேச்சாகவே இருந்தது. கொழுந்து உலர்த்தும் மாடிக்குப் போகும் மரப்படியில் ஆட்கள் விழத் தொடங்கியிருந்தார்கள். சூசையப்பனுக்கு முழங்கால். யாக்கோபுக்கு மணிக்கட்டு.

"பாஸ்கல்தான் தள்ளுதாரு," என்றார் சூசையப்பன். "உசுரோட இருக்கப்ப வஞ்சாரு. இப்ப கையும் நீளுது."

வைததென்னவோ உண்மை. படியடியில் கொழுந்து நிறுக்கும் தராசோடு உட்கார்ந்து, ஏறுகிறவர்களை ஒருவர் விடாமல் ஏசுவார். "ஏலே யானை! கண்ணு பிடரியிலயா இருக்கு?" ஏச்சு வாங்கியவர்கள் சட்டென்று நின்று, முறைத்துவிட்டுப் போவார்கள்.

ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஜிபி படிக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார். காய்வதற்குள் அவரே வழுக்கினார். கயிற்றுப்பாய் விரித்தார்கள். அதில் கால் மாட்டி, மாரீஸ்வரன் கொழுந்துக் கூடையோடு உருண்டார். கடைசியில் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அந்த ஈரத்திலேயே அவரும் தரைக்கு வந்து சேர்ந்தார்.

"பாத்தீங்களா, சாமியாரையே!"

"பூசைக்கே வராத மனுசன், சாமியாரை எதுக்குத் தேடிவந்து தள்ளப்போறாரு?" என்றாள் மதலேனம்மாள்.

"அக்கா, பேயோட்டுற ஆளைக் கூப்பிட்டுக் கல்லறையிலயே கட்டிரலாம்," என்றார் ஜிபி.

அவள் படியடிக்கு வந்து நின்றாள். "அவரைக் கட்டவா? நான் ஏறுதேன். என்னையும் தள்ளட்டும், பாப்போம்."

தள்ளினால்தான் என்ன, அந்தக் கை ஒரு தடவை படட்டுமே என்று அவளுக்குள் ஓர் ஆசை. வாடும் கொழுந்தின் வாசம் தூக்கம்போல் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். யாரும் தொடவில்லை. உச்சிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

கீழே கூட்டிக்கொண்டிருந்த ஜோமோள் விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள். "பெரியம்மா, அந்த ஒரு படிக்கு மட்டும் ஏன் காலை அம்புட்டுத் தூக்குறீங்க?"

"தூக்குதேனா? அங்கதானடி வைவாரு. வீட்டுல வந்தும் அதையேதான் சொல்லுவாரு. கால் தானா எழும்புது."

ஜோமோள் குனிந்து, அந்தப் படியருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"பெரியப்பா யாரையும் வையல, பெரியம்மா. இது மத்த படியவிட ஒரு விரக்கடை உசரம். இப்பவும் அப்படியேதான் இருக்கு."