மாமா வீட்டு நீலக்கல்

தன் சகலனின் பெருமையைக் கண்டு மனதார மகிழ்ந்ததாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். என்னால் முடியவில்லை. (முயன்றாயா என்று கேட்காதீர்கள்.)

எண்பதுகளின் நடுவில் நான் யாழ்ப்பாணத்தில் இரசாயன ஆசிரியர். என் மனைவியின் தங்கையைக் கட்டிய கணேசன் புவியியல் ஆசிரியர். மாமனார் வீட்டில் மூத்த மருமகன் என்ற மரியாதை எனக்கு இரண்டு வருசம் நிலைத்தது. பிறகு அவன் கிணறு வெட்டிய இடமொன்றில், சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வெளிர்நீலப் பளிங்கு ஒன்றைக் கிளறி எடுத்துவந்தான். செலஸ்ரைற்றாம். கல் சேர்ப்பவர்கள் தேடித் திரியும் அருமையான கனிமமாம். மாமி அதைக் கண்ணாடி அலுமாரியில் என் கலியாணப் படத்துக்கு முன்னால் வைத்தார். என் தலை மறைந்துவிட்டது. மனைவியின் தலை தெரிந்தது.

"எப்பிடி உது செலஸ்ரைற் எண்டு சொல்லுறாய்?" என்று கேட்டேன்.

"நல்ல பாரம் அண்ணை. அசிற் விட்டாலும் நுரைக்காது," என்றான் பணிவாக. அந்தப் பணிவுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

இரண்டு கிழமை கழித்து, மானிப்பாயில் மாமா வீட்டுக் கிணற்றடியில், கற்குவியலுக்குப் பக்கத்தில் நானும் ஒன்றைக் கண்டேன். வெளிர்நீலம். தேசிக்காய் (எலுமிச்சை) அளவு. கணேசனுடையதைவிட இரண்டு மடங்கு! பள்ளிக்கூடத்து அமிலத்தை விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. கையில் தூக்கினேன், பாரமாகத்தான் இருந்தது. (அப்போது ஒரு இறகைத் தந்திருந்தாலும் பாரமாகத்தான் இருந்திருக்கும்.) நகம் பட்டதும் கீறல் விழுந்தது. என் நகம் அவ்வளவு உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு கணேசனின் கல்லைப் பார்க்க, பாறைகள் பற்றிப் படிப்பிக்கும் விரிவுரையாளர் ஒருவர் வந்தார். அவர் அதைப் பாராட்டி முடிக்கும்வரை காத்திருந்து, தட்டத்தில் சிவப்புத் துணி விரித்து என் கல்லை நீட்டினேன்.

"இதையும் ஒருக்காப் பாருங்கோ, சேர். கொஞ்சம் பெரிசு."

அவர் கையில் வைத்து எடை பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு, "ஒரு கிளாசிலை தண்ணி தாறியளே?" என்று கேட்டார். குடிக்க என்று நினைத்து மாமி ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அவர் சுரண்டிய தூளை அதற்குள் போட்டார். தண்ணீர் மெல்ல மெல்ல நீலமானது.

மாமா எட்டிப் பார்த்தார். "உது என்ரை துருசெல்லே! முந்திரிகைக் கொடிக்கு அடிக்க வாங்கினது. எங்கை விழுந்துதெண்டு தேடினனான்!"

துருசு. செப்புச் சல்பேற்று, திராட்சைக் கொடியில் பூஞ்சணத்துக்கு அடிக்கிற மருந்து. வெயிலில் கிடந்து வெளிறிப்போனது. வருசத்துக்கு நூறு பிள்ளைகளுக்கு நான் கரைத்துக் காட்டுகிற சாமான்.

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. அன்பாகக் கேட்டார்: "மாஸ்ரர் என்ன பாடம் படிப்பிக்கிறியள்?"

"கணிதம்," என்றேன்.

"இல்லை சேர், அவர் கெமிஸ்ரி," என்றார் மாமி, மருமகனை விட்டுக்கொடுக்காமல்.

அன்று தொடங்கி கணேசனின் பிள்ளைகளுக்கு நான் 'துருசுப் பெரியப்பா'. போன வருசம் ரொறன்ரோவில் அவனுடைய மூத்தவனின் கலியாணம். "இவர்தான் துருசுப் பெரியப்பா," என்று மாப்பிள்ளை தன் பொம்பிளைக்கு என்னை அறிமுகப்படுத்தினான். ஏன் அந்தப் பெயர் என்று அவள் கேட்டதும், ஒரு மேசை முழுக்க ஒரே நேரத்தில் கதை சொல்லத் தொடங்கியது.

கணேசன் மட்டும் வாய் திறக்கவில்லை. எனக்காகச் சங்கடப்பட்டுத் தலை குனிந்திருந்தான். அவ்வளவு நல்லவனாக இருக்க அவனால் எப்படி முடிகிறது? அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.