கன்றுக்குட்டியும் குழையல் சோறும்

பாடம் நடத்துகிறவனுக்கு அந்தப் பாடம் தெரியும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. கொழும்பு வெள்ளவத்தையில் தனியாக அறை எடுத்துத் தங்கி உயிரியல் டியூஷன் கொடுத்தவன் நான். ஒட்டுண்ணிகளைப் பற்றி மூச்சு விடாமல் கதைப்பேன். அப்படிப்பட்ட நான்தான் கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டார் அத்தனை பேரையும் படுக்கையில் போட்டேன்.

நிச்சயம் முடிந்த கையோடு, மாப்பிள்ளையுடன் பழகிக்கொள்ள சர்மிளா வீட்டார் என்னை ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கன்றுக்குட்டிக்குப் போத்தலில் பால் கொடுக்கலாம். கொடுத்தேன். பால் தீர்ந்ததும் அது என் விரல்களைச் சப்பத் தொடங்கியது. சர்மிளா சிரித்தாள்; நான் கையை எடுப்பேனா? (எடுத்திருக்க வேண்டும்.)

வெளியே வரும் இடத்தில் குழாய், சவர்க்காரம், கை கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லி மும்மொழியிலும் ஒரு பலகை. வரிசை நீளமாக இருந்தது. நான் பொக்கற்றிலிருந்த சனிடைசரைப் பூசிக்கொண்டேன்.

மர நிழலில் சர்மிளாவின் அம்மா சோற்றையும் கறிகளையும் ஒரே சட்டியில் கொட்டினார். குழையல் சோறென்றால் ஒருவர் குழைத்து, உருட்டி, எல்லார் கையிலும் வைக்க வேண்டும்.

“நான் குழைக்கிறன் மாமி.”

“கை கழுவினீங்களோ தம்பி?”

“இந்தச் சனிடைசர் எல்லாக் கிருமியையும் கொல்லும் மாமி. நான் பயோ படிப்பிக்கிற சேர் எல்லோ.”

சர்மிளாவின் தம்பி கஜன்தான் கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டான்.

ஒரு கிழமையில் எனக்கும் சேர்த்து எல்லோருக்கும் வயிற்றோட்டம். அவர்கள் ஃபிளாட்டில் இருந்ததோ ஒரேயொரு டொய்லெட். கஜன் அதன் வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டானாம். கல்யாணமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

“கன்று ஏதும் தொட்டனீங்களோ?” என்று கேட்டார் டொக்டர். கன்றுகளின் சாணத்தில் இருக்கக்கூடிய, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியாம். அதன் தடித்த ஓட்டைச் சனிடைசர் ஒன்றும் செய்யாது, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும் என்றார். நான் வகுப்பில் சொல்லும் அதே வசனம்.

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். மாமிக்குக் கோல் எடுத்து உண்மையைச் சொன்னேன்.

“தம்பி, தனிய இருக்கிறீங்கள், ஆர் பாக்கிறது? செவ்விளநி குடியுங்கோ. கஜன் எழும்பினால் குடுத்து விடுறன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவுவது வழக்கம். செம்புத் தண்ணீரால் கழுவிய கஜனுக்கு, வழக்கப்படி பதிலுக்கு மோதிரம் போட நான் குனிந்தேன். அவன் சால்வைக்குள்ளிருந்து ஒரு புதுச் சவர்க்காரத்தை எடுத்தான்.

“பொறுங்கோ அத்தான். முதல்ல கையை நீட்டுங்கோ.”

அத்தனை சனத்துக்கு முன்னால், மேளம் அடிக்க அடிக்க, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். எங்கள் கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதை இப்போது யாரும் பார்ப்பதில்லை. இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.