மைக் பாய் ஒயரைப் பிடுங்கிய நாள்

கோவளத்தில் எந்த ரகசியமும் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை என்றால், அதற்கு ஒரே காரணம் மைக் பாய். மைக் செட் வாடகைக்கு விடுகிற மனுஷன். அவர் சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்கே நினைவிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

மகள் கல்யாணத்துக்கு மட்டனா சிக்கனா என்று முடிவு செய்ய, வாசலில் ஸ்பீக்கர் கட்டித் தெருவையே கேட்டார். சாயங்காலம் வரை இழுத்தது. சம்சாரம் உள்ளேயிருந்து கத்தியதும் ஸ்பீக்கரில் வந்தது: "வூட்டு விஷயத்த ஊருக்கே கூவினுகீறியே, நீ இன்னா மனுசன்?"

"துன்றவன கேக்காம எப்டிம்மா?" என்றார். அதையும் மைக்கில்.

எங்கள் தெருச் சங்கம் இதற்கு நேர் எதிர். தலைவரும் நாலு பேரும் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே முடிவெடுப்பார்கள். அப்புறம் 'பொதுமக்கள் கருத்துக் கேட்பு' என்று பேனர் கட்டுவார்கள். நம் கருத்து என்னவென்று அதற்குள் டைப் அடித்துத் தயாராக இருக்கும்.

படகு ஏற்றி வலை காயப்போடும் திடலைப் பக்கத்து ரிசார்ட்டின் கார்கள் நிற்க விடுவதென்று அப்படித்தான் முடிவானது. திடல் போனால் படகை எங்கே ஏற்றுவது, தலைமேலா?

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் பாயின் மைக்தான். நீள ஒயரை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் நீட்டினார். "பேசு மச்சான்." மச்சான் தரையைப் பார்த்தான். "நீ சொல்லு மேரிக்கா, நேத்து கொழாயாண்ட திடலுக்காக அந்தக் கத்து கத்துனியே?" மீன் விற்கிற மேரி அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். எப்படிப் பேசுவார்? அவர் பையன் அதே ரிசார்ட்டில் சமையல்காரன். என் தம்பி அங்கே வாட்ச்மேன். பத்திரிகையில் கிழிகிழி என்று கிழிக்கிற நானும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"யாருக்கும் ஆட்சேபணை இல்ல. அப்ப ஏகமனதா..." தலைவர் ஆரம்பித்தார். மைக் செத்தது.

"ஆம்ப்ளி பூட்ச்சு தலைவரே," என்றார் பாய், பிடுங்கிய ஒயரைக் காலால் மறைத்துக்கொண்டு. மைக் இல்லாமல் தலைவருக்குப் பேச்சு வராது. கூட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது.

அந்த வாரம் பாய் வீடு வீடாகப் போனார். "சவுண்டு சரியா கேட்ச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு நுழைவார். கதவைச் சாத்திவிட்டுக் குரலை இறக்குவார். "இப்ப சொல்லு. திடல வுடலாமா, வாணாவா?" ஒலிபெருக்கியிடம் போய் ஊரே மனதைக் கொட்டியது. எங்கள் புத்தி அப்படி.

ஞாயிறு அன்று பாயே மைக்கைப் பிடித்தார். "ஒங்க கார்ல ஏறாத எல்லார் வூட்லயும் கேட்டேன் தலைவரே. யாரும் வுடச் சொல்லல."

"யாருய்யா சொன்னது? பேர சொல்லு!"

"இன்னாத்துக்கு? புள்ளைங்கள வேலைய வுட்டுத் தூக்கவா? பேர் போடாம சீட்டெழுதி இந்த ஸ்பீக்கர் பொட்டில போடட்டும். எழுதறது கமுக்கமா, எண்றது மைக்ல."

அத்தனை பேர் முன்னால் தலைவரால் மறுக்க முடியவில்லை. பாய் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தார். வாணா... வாணா... தொண்டை கட்டும்வரை வாணா. 'விடலாம்' என்று சரியாக ஐந்து சீட்டு. அது யாருடையது என்று கேட்க மைக் தேவைப்படவில்லை.

திடலில் இன்றும் வலை காய்கிறது.

என் வீட்டுக் கதவைச் சாத்திய அன்று, தம்பியின் வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்று பாயிடம் நான் அழுதேன். பிரியாணியில் உப்பு போதுமா என்பதைக்கூட மைக்கில் கேட்கிற மனுஷன், இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் இப்போது சொல்கிறேன்.