ம் கொட்டச் சொன்ன அம்மா

என் மகளுக்கு வைத்தியம் செய்த பெண்ணைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார் (அவர் சொல்லாத ஆளே விளாங்குடியில் கிடையாது).

யாழினிக்கு அப்போது ஆறு வயது. தலைக்குள் இருந்த கட்டியை ஆபரேஷனில் எடுத்தபிறகு, மிச்சத்துக்குக் கதிர்வீச்சு. கட்டி இருந்த இடத்தை ஒட்டியே கண் நரம்பு போகிறதாம். அதில் கதிர் அதிகம் படக்கூடாது. அதற்காக அவள் முகத்தின் அச்சிலேயே வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்து, போட்டுப் படுக்கவைத்து, படுக்கையோடு சேர்த்துப் பூட்டுவார்கள்.

"மாஸ்க் பாதிதாம்மா பிடிக்கும். மீதியைப் பிள்ளைதான் பிடிக்கணும்" என்றார் டாக்டர். அசைந்தால் தினமும் மயக்க மருந்து. அதை நினைத்தே எனக்குத் தூக்கம் போனது.

தலைவார ஐந்து நிமிஷம் நிற்காத பிள்ளை அது. சீப்போடு நான் வீட்டைச் சுற்றி ஓடுவேன். அவளோ அங்கே, மெஷினை இயக்கும் ஜோதி அடுத்த அறையிலிருந்து மைக்கில் கதை சொன்னால் மரக்கட்டையாகக் கிடப்பாளாம்.

சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, 'அப்படி என்னத்தைச் சொல்கிறாள்?' என்று வயிறெரிந்தேன். போதாததற்கு யாழினி, "ஜோதிக்கா பொட்டு மாதிரி எனக்கும் வைம்மா" என்றாள். மறுநாள் அதே பொட்டை நானும் வைத்துக்கொண்டு போனேன். (யாரும் கவனிக்கவில்லை.)

ஒன்பதாம் நாள் கேட்டேவிட்டேன். "இன்னைக்கு நான் கதை சொல்லட்டா?"

"தாராளமா சொல்லுங்கக்கா" என்று ஜோதி மைக்கை நகர்த்தினாள்.

திருப்பரங்குன்றத்துக் குரங்கு ஒன்று பஸ் ஏறி வில்லாபுரம் போன கதையை ஆரம்பித்தேன். வீட்டில் நான் கதை சொன்னால் கேட்கிறவர் ம் கொட்டியாக வேண்டும். இங்கே சத்தமே இல்லை. ஜோதி சொன்னால் கேட்பாளாம், எனக்கு ஒரு ம்கூடக் கிடையாதா?

"என்ன பாப்பா, ம் கொட்டு."

"ம்."

"அக்கா, தாடை அசையுது" என்றாள், திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஜோதி. நல்லவேளை, கதிர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. தலை சரியான இடத்தில் இருக்கிறதா என்று மறுபடி படம் எடுத்தார்கள்.

இனி கேட்கக்கூடாது என்று முடிவுசெய்து, இரண்டு வரி சொன்னேன். பழக்கதோஷம். "கேக்குதா உனக்கு?"

இந்தமுறை தலையையும் சேர்த்து ஆட்டப் பார்த்தாள். மறுபடி படம்.

நிலைமையைச் சரிசெய்ய நினைத்தேன். "பாப்பா, அம்மா என்ன கேட்டாலும் ம் கொட்டக்கூடாது. புரிஞ்சுதா?"

"ம்."

டாக்டரே வந்துவிட்டார். "இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தா? நாளையிலேருந்து மயக்கம் குடுத்துரலாமா?"

நான் மைக்கைத் தள்ளிவைத்தேன்.

"பிள்ளை நல்லாத்தான் சார் இருக்கா" என்ற ஜோதி, மெதுவாக என்னைப் பார்த்தாள். நானே எழுந்து பெஞ்சுக்குப் போனேன். பத்தே நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

ஆட்டோவில் கேட்டேன். "அந்தக்கா கதைக்கு மட்டும் எப்படி அசையாம இருக்க?"

"அது கதையே இல்லம்மா. ஒரு எறும்பு ஒரு அரிசியைத் தூக்கிட்டுப் போகும். அப்புறம் இன்னொரு எறும்பு, இன்னொரு அரிசி. அம்புட்டுத்தான். எனக்குத் தூக்கம் வந்துரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "குரங்கு வில்லாபுரத்துல எறங்குச்சா?" என்றாள்.

வீடு வரும்வரை சொன்னேன். எல்லா வரிக்கும் ம் கொட்டினாள்.

மயக்க மருந்து இல்லாமலே வைத்தியம் முடிந்தது. இப்போது அவளுக்கு எட்டு வயது. நான் எதையாவது நீட்டிப் பேச ஆரம்பித்தால், என் வீட்டுக்காரர் சோபாவில் மல்லாந்து, கைகளை ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொள்கிறார்.

"ஏங்க, கேக்குதா?"

உள்ளேயிருந்து யாழினிதான் சொல்வாள், "அப்பாவுக்கு மாஸ்க் பூட்டியிருக்கும்மா."

அந்தப் பொட்டை மட்டும் நான் இன்னும் மாற்றவில்லை.