சிரித்தவர்கள் பட்டியலில் என் பெயர்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே, சென்ட்ரல் ஜெயிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அம்மணியைப் போலக் கண்டிப்பான ஆள் கிடையாது. இத்தனைக்கும் அவன் என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்த பையன்.

நான் அந்த வகுப்பை இரண்டாவது முறையாக ருசித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகுதியில் அவனுக்கு 'அம்மணி' என்று பட்டப்பெயர் வைத்ததும் நானே. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. அவன் நடையில் ஒரு நெளிவு இருந்தது, பேசும்போது கை கூடவே ஆடியது. பையன்கள் மட்டும் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வேறு காரணம் எதற்கு?

கிள்ளுகிறவனுக்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுவான். ஒருநாள் கேட்டேன்.

"டேய் அம்மணி, நெசமாச் சொல்லு, நீ எப்புடிடா?"

"உங்களுக்குப் புள்ளைகளைப் புடிக்குதல்லங்க, எனக்குப் பசங்களைப் புடிக்குது, அவ்வளவுதானுங்க. பயப்படாதீங்க, உங்களைப் புடிக்கலை."

ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று எனக்கு என்ன குறைச்சல் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழிவாங்க வேண்டாமா? வகுப்பு லீடர் தேர்தலில் தமாஷுக்கு அவன் பெயரைச் சொன்னேன். நாற்பது கைகளும் உயர்ந்தன. அவன் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டான்.

வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது லீடர் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒரு குறிக்கு ஓர் அடி. அம்மணி மறுநாளே பலகையில் இரண்டு கோடுகள் கிழித்து, மூன்று தலைப்பு போட்டான். பேசியவர்கள், கேலி செய்தவர்கள், சிரித்தவர்கள்.

"சிரிச்சவனை எதுக்குடா எழுதற?"

"கேலி பண்றது ஒரே ஆளுதானுங்க. நீங்கெல்லாம் சிரிக்கலீன்னா அந்தாளு எங்கிட்ட எதுக்குங்க வாரான்?"

மூன்று தலைப்பிலும் என் பெயர் இருந்தது. என் ஜோக்குக்கு நானே முதலில் சிரித்துவிடுவேன். அந்த வருஷம் என் உள்ளங்கையில் ரேகை பார்த்த ஜோசியர் ஒன்றும் தெரியவில்லை என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வருஷக் கடைசியில் அது நடந்தது. கணக்கு வாத்தியார் அம்மணியைக் கணக்குப் போடக் கூப்பிட்டவர், அவன் நடையை அப்படியே நடந்து காட்டி, "வாங்க அம்மணி, பாத்து வாங்க, சீலை தடுக்கீரும்" என்றார். வகுப்பே உருண்டது.

அம்மணி சாக்பீஸை எடுத்தான். கணக்குப் போடவில்லை. கேலி செய்தவர்கள் என்று தலைப்பு போட்டு, கீழே 'கணக்கு சார்' என்று எழுதினான். குண்டு குண்டான எழுத்து. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

"அழிடா."

"நடந்ததுதானுங்க சார்."

"டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துப்போடுவேன்!"

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புகார் வந்தாலும் போதும், மில்லில் சேர்த்துவிடுவேன் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். அவனுக்கோ படிப்பென்றால் உயிர். ஆனாலும் அவன் அழிக்கவில்லை.

வாத்தியார் எங்கள் பக்கம் திரும்பினார். "நான் கேலி பண்ணுனனா? பண்ணியிருந்தா எவனாச்சும் சிரிச்சிருக்கோணுமல்ல? சிரிச்சவன் எந்திரிடா பாக்கலாம்!"

நாற்பது பேரும் பெஞ்சைப் பார்த்தோம்.

நான் எழுந்தது வீரத்தால் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. வருஷம் முழுக்க தினம் என் பெயர் இருந்த பத்தி 'சிரித்தவர்கள்'. அன்றைக்கு அது பலகையில் இல்லாததைப் பார்க்க என்னவோபோல் ஆகிவிட்டது.

"நானுங்க சார். வயித்தைப் புடிச்சிட்டுச் சிரிச்சேனுங்க."

பின்பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "நானுந்தானுங்க." அப்புறம் இரண்டு பேர், ஆறு பேர். கடைசியில் உட்கார்ந்திருக்க ஆளே இல்லை. அம்மணி மூக்கை உறிஞ்சியபடி 'சிரித்தவர்கள்' என்று எழுதி, எங்கள் பெயர்களை வரிசையாக எழுத ஆரம்பித்தான். முதலில் என் பெயர். நாலு பெருக்கல் குறி.

"அட பாவி, உனக்காக எந்திரிச்சவனுக்கு நாலாடா?"

"சிரிச்சது சிரிச்சதுதானுங்க."

வாத்தியார் பலகையில் இருந்த பெயர்களை எண்ணினார். நாற்பது பேரை அடிக்க அவருக்குத் தெம்பில்லை. எனக்கு மட்டும் நாலு போட்டார், கணக்கு வாத்தியாராயிற்றே. பிறகு தன் பெயரைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, "எல்லாரும் உக்காருங்க" என்றார். டி.சி. பேச்சு வரவில்லை. அன்றிலிருந்து அவனை அவன் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

அவன் பாஸாகி, மேலே மேலே படித்து, ஈரோட்டுப் பக்கம் காலேஜுக்குப் போய்விட்டான். நான் மூன்றாவது முறை படிக்க வெட்கப்பட்டு லேத்துப் பட்டறைக்குப் போனேன்.

பட்டப்பெயரைச் சொல்லியே இவ்வளவையும் எழுதியிருக்கிறேன். படித்தால் சும்மா விடமாட்டான். கேலி செய்தவர்கள் என்று தலைப்பு போட்டு, என் பெயரை எழுதி, நாலு பெருக்கல் குறி போட்டு அனுப்புவான். அனுப்பட்டும். அந்தக் குண்டு எழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.