பைன் கட்டைப் பரீட்சை

பைன் கட்டை மூன்றாவது முறையாகப் பிய்ந்தபோது, கடைசல்காரர் லேத்தை நிறுத்திவிட்டு மரத்தைத் திட்டினார்.

"இதெல்லாம் ஒரு மரமா? பார்சல் பெட்டிக்கு அடியில முட்டுக் குடுக்கிற சனியன்!"

"மரம் என்ன பண்ணுச்சு? 'ப்பூ, இவ்வளவுதானா'ன்னு நீங்கதானே வாங்கிட்டு வந்தீங்க" என்றாள் மனைவி.

வாங்கி வந்தது ஒரு பெரிய மேசை நாற்காலிப் பட்டறையிலிருந்து. அங்கே தலைமைக் கடைசல்காரர் வேலை காலி. முதலாளி ஒரு வரைபடத்தையும் இந்தக் கட்டையையும் கையில் கொடுத்து, "இதுல ஒரு மேசைக்கால் கடைஞ்சு நாளைக்குக் காலையில கொண்டாங்க. தேக்குல யார் வேணா கடைவாங்க. மட்ட மரத்துலதான் கை தெரியும்" என்று சொல்லியிருந்தார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பைனில் ஒரு ரேகை மெத்து, அடுத்த ரேகை கெட்டி. உளியைச் சவரக் கத்தியாகத் தீட்டி, பட்டும் படாமலும் வைத்து எடுக்க வேண்டும். நம்மவருக்கோ இருபது வருஷமாகத் தேக்கு. அழுத்தியே பழகின கை.

ஐந்து மாதமாக வேலை இல்லாமல் மனைவி சம்பளத்தில் காலம் ஓடுகிறது. மச்சான் பார்க்கிற பார்வையே சரியில்லை. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

பிய்ந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். மெத்து ரேகை தேய்ந்து கெட்டி ரேகை துருத்திக்கொள்ள, கால் முழுக்க விலா எலும்பு தெரிந்தது. சரி, இன்னும் கொஞ்சம் கடையலாம் என்று உளியை வைத்தார். ஒரு கணு தெறித்துப் போய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கணு போன குழியை மறைக்க மேலும் மெலிய வைத்தார். மேசைக்கால் துடைப்பக் காம்பாகி, படக்கென்று இரண்டாக முறிந்தது.

கடைசல்காரர் மெல்லப் படுக்கையறைப் பக்கம் பார்த்தார்.

"ஐயையோ, கட்டிலா! அது எங்கப்பா ஆசையா வாங்கிக் குடுத்ததுங்க!"

"தலைமாட்டுக் கால் ஒண்ணே ஒண்ணுதாம்மா. தேக்கு. செங்கல் வெச்சுக்கலாம். வேலை கிடைச்சதும் புதுக் கட்டிலே செஞ்சு தர்றேன்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

தேக்கு சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் கால் தயார். அப்படியொரு அழகு! என்ன பிரயோஜனம்? தேக்கு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். வெளிர் மஞ்சள் பெயிண்ட் அடித்தார். கணு இல்லாத பைன் ஏது? மனைவியின் புருவப் பென்சிலை வாங்கி ஏழு கணு வரைந்தார்.

"பைன்ல ஒரு வாசனை அடிக்குமே?" என்றாள் அவள்.

சும்மா இருந்திருக்கலாம். பைன் பிசினிலிருந்து எடுக்கிறதுதானே என்று அவர் டர்பன்டைனை எடுத்துத் தடவ, பெயிண்ட் இளகிக் கையோடு வந்தது. ஏழு கணுவுக்கும் மீசை முளைத்தது. மறுபடி பெயிண்ட், மறுபடி கணு. புருவப் பென்சில் தீர்ந்துபோனதுதான் மிச்சம்.

மறுநாள் காலை முதலாளி காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கட்டைவிரலில் ஒரு கணு அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைசல்காரர் தன் மஞ்சள் விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

முதலாளி விரலைக் கைக்குட்டையில் நிதானமாகத் துடைத்தார்.

"பைன்ல இவ்வளவு வழவழப்பா! கைன்னா இதுதாங்க கை. வெச்சுட்டுப் போங்க, சொல்லி அனுப்பறேன்."

கடைசல்காரர் தரையில் கால் பாவாமல் வெளியே வந்தார். வாசலில் வாட்ச்மேன், ஸ்டூல் மேல் ஏறி, 'ஆள் தேவை' போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பார்த்ததும் இவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அதுக்குள்ள போர்டை எடுக்கச் சொல்லிட்டாரா அண்ணே? அந்த ஆள் நான்தான்!"

வாட்ச்மேன் இவருடைய மஞ்சள் விரல்களை ஒருமுறை பார்த்தார்.

"ஆளெல்லாம் எடுக்கலை தம்பி, இதே மாதிரி மஞ்சள் கையோட மூணு பேர் வந்து தேக்குக் கால் குடுத்துட்டுப் போனாங்க, உங்களோட நாலாச்சு, மேசை முடிஞ்சுது."