சோப்பு டப்பாவில் போட்ட தோட்டம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், தங்கள் தொழிற்சாலை இயந்திரங்களும் மக்கர் பண்ணாமல் ஓடிக்கொண்டிருப்பதாக நம்புகிறேன். இங்கே யாவரும் சுகம், என்னைத் தவிர. எனக்கு மேலுதட்டில் ஒரு சின்னக் கீறல். அது சவரம் செய்யும்போது பட்டது. அதற்கும் இந்தக் கடிதத்தின் விஷயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தாங்கள் போனில் கேட்டதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். "மருமக கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? ஆனா எஃகுல அச்சு வெட்டிட்டா வெட்டினதுதான், மறுபடி ஒட்ட முடியாது. காலம்பூரா அடுத்தவன் நஷ்டத்தைப் பார்த்து எழுதின ஆளு நீங்க. வெட்டலாமா வேணாமா, எழுத்துல குடுங்க, அப்பத்தான் பின்னாடி யாரும் பேச்சு மாற மாட்டோம்" என்றீர்கள். நியாயம்தான். காப்பீட்டுக் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் இதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். இனி காரணங்கள்.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் உங்கள் மருமகள், அதாவது என் மகள், உங்களிடம் சொன்னபோது நீங்கள் "சரிம்மா சரிம்மா" என்று மட்டும் சொன்னதாகக் கேள்வி. அது டிவியில் மாட்டும் ஒரு விளையாட்டுப் பெட்டி. ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனிக் கேசட்டில் இருக்கும், சொருகினால் ஓடும், உருவினால் நிற்கும். இணையம் கிடையாது, கணக்குத் திறப்பது கிடையாது, "புதுப்பிக்கிறது, காத்திருக்கவும்" கிடையாது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டுக்கு வீடு இருந்ததே, அதே மாதிரிதான், ஆனால் புத்தம்புதிதாக. அந்தக் கேசட்டின் பிளாஸ்டிக் மேலோட்டுக்குத்தான் நீங்கள் அச்சு வெட்ட வேண்டும். உள்ளங்கையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உலகமே ஓசியில் விளையாடுகிற காலத்தில் இதை ஒருத்தி தொழிலாக ஆரம்பிக்கிறாள் என்றால், அவளைப் பெற்றவனுக்குத் தூக்கம் எப்படி வரும் சொல்லுங்கள்.

நான் பழைய வழக்கப்படி விசாரணையில் இறங்கினேன். முடி வெட்டுகிறவரிடம் கேட்டேன், இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா என்று. கத்திரியை நிறுத்திவிட்டு, "கண்டிப்பா சார், எங்கே கிடைக்குது?" என்றார். விளையாடுவீர்களா என்றேன். "நேரம் எங்க சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தார். பல் டாக்டரிடம் கேட்டேன், வாயில் அவர் கை இருந்ததால் கொஞ்சம் சிரமப்பட்டுக் கேட்டேன், அவரும் இதே இரண்டு பதிலை இதே வரிசையில் சொன்னார். கீழ்வீட்டு பஸ் டிரைவரும் அப்படியே. எனக்கு விளங்கிப் போயிற்று மைத்துனரே. இவர்களுக்கெல்லாம் வேண்டியது பெட்டி இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்த அந்தச் சாயங்காலம். அதை உங்கள் தொழிற்சாலையில் வார்க்க முடியாது. பெட்டியை வாங்கி, ஒரு முறை தடவிப் பார்த்து, அலமாரியில் வைத்துவிடுவார்கள், இரண்டாவது கேசட் வாங்க ஒருவரும் வர மாட்டார்கள்.

இதை அவளிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "அவங்க பழசை நினைச்சு வாங்குவாங்கப்பா. நான் அதுக்காகச் செய்யல" என்றாள். வேறு எதற்கு என்றேன். "என் வேலை எங்கயாவது இருக்கணும், அதுக்கு" என்றாள். இதன் பின்னணி எனக்குத் தெரியும். உங்களுக்கு முழுதாகத் தெரியாது.

அவள் முன்பு வேலை பார்த்த விளையாட்டுக் கம்பெனியில் வருடக்கணக்காக உட்கார்ந்து ஒரு தோட்ட விளையாட்டைச் செய்தாள் அல்லவா, போனில் செடி நட்டு, தண்ணீர் ஊற்றி, மெதுவாக வளர்ப்பது. அதை உலகத்தில் யார் யார் விளையாடினார்கள் என்று தெரியாது, ஆனால் உங்கள் தங்கை விளையாடினாள். சமையல் முடிந்த கையோடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நிஜச் செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொன்னால் இடுப்பு வலிக்கும், அது வேறு கதை. ஒருநாள் காலையில் தோட்டம் இருந்த இடத்தில் "இதுவரை எங்களுடன் இருந்ததற்கு நன்றி" என்று மட்டும் எழுதியிருந்தது. லாபம் வரவில்லையாம், கம்பெனி அதை மூடிவிட்டது. போனை என்னிடம் நீட்டி, "இது எதுக்குங்க நன்றி சொல்றான்? என் எலுமிச்சை எங்க?" என்று கேட்டாள். மகளிடம் கேட்டேன், ஒரு நகல்கூடவா இல்லை என்று. "இருந்தாலும் அது அவங்களோடதுப்பா. ஆடினவங்க கையில எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல. ஜன்னல் வழியா பார்த்துட்டிருந்தாங்க. ஜன்னலைச் சாத்திட்டாங்க, அவ்வளவுதான்" என்றாள். மச்சான், நான் எத்தனையோ எரிந்த கிடங்குகளைப் பார்த்திருக்கிறேன். எரிந்த இடத்தில் சாம்பலாவது இருக்கும், இங்கே இது இருந்தது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். இவள் வேலையில் தொடுவதற்கு எதுவும் இல்லை. உங்கள் தங்கை அதற்கப்புறமும் கொஞ்ச நாள் அதே நேரத்துக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு கஷ்டப்படுவது வேறு, எஃகை வெட்டுவது வேறு.

அந்தத் தோட்டத்தைத்தான் உங்கள் மருமகள் ஞாபகத்திலிருந்து புதிதாக, கொஞ்சம் சின்னதாகச் செய்து முதல் கேசட்டில் வைத்திருக்கிறாள். நட்டது எல்லாம் அந்தக் கேசட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும், யாரும் மூட முடியாது. உங்கள் தங்கை அதில் மறுபடி ஒரு எலுமிச்சை நட்டிருக்கிறாள். மேலோடு இன்னும் வராததால் உங்கள் தொழிற்சாலையிலிருந்து நீங்கள் அனுப்பிய சோப்பு டப்பாக்களில் ஒன்றைத் துளைத்து அதற்குள் விளையாட்டு பதிந்த மின்சுற்றுப் பலகையை வைத்திருக்கிறாள். வீட்டில் எந்தச் சோப்பு டப்பாவில் சோப்பு இருக்கிறது, எதில் தோட்டம் இருக்கிறது என்று தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. போதாதற்கு இன்னொரு கூத்து. வருகிறவர்கள் யாராக இருந்தாலும், நாற்பதைத் தாண்டியவர் என்றால், கேசட்டைக் கையில் கொடுத்ததும் முதல் காரியமாக அதன் வாயில் ஊதுகிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் ஓடவில்லை என்றால் ஊதிப் போடுவார்களாம், ஓடினாலும் ஊதித்தான் போடுவார்களாம். இது புதுசு, தூசியே போகாது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொள்கிறாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஊதுகிறார்கள். எச்சில் பட்டால் பலகையில் இருக்கிற செம்பு என்ன ஆகும் என்பதை நான் அதிகாரபூர்வமாக எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

நான் அதைத் தொட்டதுகூட இல்லை, மேற்பார்வை மட்டும்தான். அதிலேயே குறைகள் கண்ணில் பட்டுவிட்டன. மூன்றாவது வேலிக்கு வலப்பக்கமாக வந்து, வாளியைக் கீழே வைக்காமலே குதித்தால் ஆள் வேலிக்குள் மாட்டிக்கொள்கிறான், எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வருவதில்லை. பின்னால் நின்று பார்க்கிற எவனுக்கும் இது தெரியும். கேசட்டில் ஒரு முறை போட்டுவிட்டால் அப்புறம் திருத்த முடியாது, தப்பு தப்பாகவே வாழும், எனவே இது ஒன்றே போதும் திட்டத்தைக் கைவிட என்று சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இதைத்தாம்பா தேடிட்டிருந்தேன். வேற என்ன பார்த்தீங்க?" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் திருத்திக்கொண்டே போகிறாள். எதிர்த்தரப்பு வக்கீலிடமே வாதத்தைச் சொல்லிக் கொடுத்த கதையாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் பொம்மைக் கடைக்காரர் வந்தார். அவருக்கு மூன்று கடை, அவர் ரேக்கில் இடம் கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள், அதனால் அவர் வருகை முக்கியம். வீடு ஒழுங்காக இருக்கட்டும் என்று காலையிலேயே நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். டிவி பக்கத்தில் ஒரு சோப்பு டப்பா கிடந்தது. சோப்பு டப்பா இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. வந்தவர் பிஸ்கட் சாப்பிட்டார், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. சொட்டச் சொட்ட வெளியே வந்து, "தப்பா நினைக்காதீங்க சார், உங்க வீட்டு சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. கையை வேற பிராண்டுது" என்றார். அவர் கையில் இருந்தது பச்சைப் பலகை. அதில் உங்கள் தங்கையின் எலுமிச்சை இருந்தது.

மகள் "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் என் முப்பது வருட சர்வீஸ் போயிற்று. உங்கள் தங்கை உள்ளே போய் முடி உலர்த்துகிற மெஷினை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, பச்சைக் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி அதை உலர்த்தினாள். மகள் அதை வாங்கி இன்னொரு டப்பாவில் பொருத்தினாள். கடைக்காரர் தானாகக் கை நீட்டி வாங்கி, ஒரு ஊது ஊதி, சொருகினார். ஒன்றும் வரவில்லை. உருவி மறுபடி ஊதினார். வந்தது. உங்கள் தங்கை டிவி பக்கமாக முட்டிபோட்டு நகர்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "இருக்கு" என்றாள்.

கடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்துவிட்டார். நல்ல பேன்ட். ரொம்ப நேரம் கழித்து எழுந்து வியாபாரம் பேசினார். "பழசுன்னு சொல்லி வித்தா ஒரு சீசன் ஓடும்மா. அப்புறம் ரேக்குல தூசிதான்" என்றார். நான் சொன்னதையேதான் சொல்கிறார் என்று மகளைப் பார்த்தேன். அவள், "பழசுன்னு சொல்ல வேணாம் சார். வாங்கினா உங்களோடது, எங்கயும் போகாது, யாருக்கு வேணும்னாலும் கையில குடுக்கலாம்னு சொல்லுங்க" என்றாள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். வியாபாரி யோசிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் கேசட்டை ரெண்டு நாளைக்குக் குடுங்களேன், வீட்டுல பார்த்துட்டுத் தர்றேன்" என்றார். உங்கள் தங்கை முந்திக்கொண்டு, "அது என்னோடது" என்றாள். "பத்திரமா திருப்பித் தந்துடறேம்மா." "எல்லாரும் இப்படிச் சொல்லித்தான் வாங்கிட்டுப் போறாங்க. ஒரு பேர்கூட எழுதி வைக்க இடமில்ல இதுல, உங்க வீட்டு சோப்போட சோப்பா போயிடும்" என்றாள். வாங்க வந்தவரை இப்படி வெறுங்கையோடு அனுப்பிய வீடு நம் வீடாகத்தான் இருக்கும்.

ஆக, நிலவரம் இதுதான். பழைய கம்பெனி அவளைத் திரும்ப வரச் சொல்லி இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அச்சு வெட்டினால் அவள் வர மாட்டேன் என்று எழுதிவிடுவாள். வெட்டாவிட்டால் அவள் போய் உட்கார்ந்து, இன்னொரு ஜன்னலைச் செய்வாள், அதையும் ஒருநாள் சாத்துவார்கள், ஆனால் சம்பளம் வரும். பெற்றவன் எதைச் சொல்ல வேண்டும்? கணக்காகப் பார்த்தால் புதிய விளையாட்டுப் பெட்டிக்கு இந்த உலகத்தில் அவசியம் இல்லை. இது ஓடாமல் போவதற்கு நான் நூறு வழி சொல்ல முடியும், ஓடுவதற்கு ஒரு வழிதான் தெரிகிறது, அது உங்கள் தங்கை டிவி முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு எந்த மதிப்பீட்டாளனும் கையெழுத்துப் போட மாட்டான். எனவே அச்சு வெட்ட வேண்டாம் என்பதே என் தீர்க்கமான அபிப்பிராயம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாரும் எல்லா வளமும் பெற்றுச் சேதாரம் இல்லாமல் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: ஒருவேளை வெட்டுவதாக இருந்தால், கேசட்டின் வாய்ப்பக்க ஓரத்தை நன்றாக மழுக்கிவிடச் சொல்லுங்கள். இப்போது இருக்கிற மாதிரி கூராக இருந்தால் ஊதும்போது மேலுதட்டைக் கீறுகிறது. நான்காவது வேலி தாண்டுகிற அவசரத்தில் யாருக்கும் பார்த்து ஊதத் தோன்றாது. அப்புறம், முதுகுப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு வழவழவென்று கொஞ்சம் இடம் விடுங்கள், பேர் எழுதிக் கொடுத்தால் இரவல் போனது திரும்பி வரும். மேலே எழுதியதைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள் மச்சான், ஆனால் அச்சு வெட்டுகிற ஆளை வரச் சொல்லிவிடுங்கள். முதல் கேசட்டை இங்கே அனுப்புங்கள். உங்கள் தங்கை பேனாவை இப்போதே எடுத்து டிவி மேல் வைத்துவிட்டாள், நானும் அதை ஒழுங்குபடுத்தவில்லை.